குளமும் புல்வெளியும் யார் பொறுப்பில்?

இங்கிலாந்தின் புதிய குடியிருப்புகளில் நிலம் தாழ்ந்து போகும் மூலையில் அநேகமாக ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். சுற்றிலும் இடுப்பளவு மரவேலி. ஒரு கரையில் கான்கிரீட் முகப்பு வைத்த குழாய்வாய், அதில் குப்பை அடைக்காதபடி இரும்புக் கம்பிச் சட்டம். வெயில் காலத்தில் பள்ளத்தில் புல் காய்ந்து கிடக்கும். அடைமழை பிடித்தால் கூரைகளிலும் தெருக்களிலும் விழும் நீர் அத்தனையும் இங்கே வந்து தேங்கி, எதிர்க்கரையிலுள்ள சிறு திறப்பு வழியே மெல்ல ஓடைக்குப் போகும். பக்கத்தில் சில ஊஞ்சல்கள், ஒரு சறுக்குமரம், நடைபாதை, முட்டுக்கம்பு கட்டிய மரக்கன்றுகள். வீட்டு விளம்பரத்தில் இவையெல்லாம் வண்ணப்படமாக வந்திருக்கும். இவற்றை இனி யார் பார்த்துக்கொள்வது, அதற்கு யார் பணம் கட்டுவது என்ற விவரமோ கிரயப் பத்திரத்தின் கடைசி அட்டவணைகளில் பொடி எழுத்தில் இருக்கும்.

அங்கே வீடு வாங்கியவருக்கு ஆண்டுதோறும் இரண்டு கேட்புச்சீட்டுகள் வருகின்றன. ஒன்று, ஊரார் எல்லோரையும் போல அவரும் உள்ளாட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரி. ஊரின் பழைய பூங்காக்களில் புல் வெட்டுவதும் விளையாட்டுச் சாதனங்களைச் சரிபார்ப்பதும் அந்த வரிப்பணத்தில் நடக்கிறது. இன்னொன்று, அவர் வீட்டெதிரே இருக்கும் புல்லுக்கும் ஊஞ்சலுக்கும் மழைநீர்ப் பள்ளத்துக்கும் ஒரு தனியார் நிர்வாக நிறுவனம் அனுப்பும் பராமரிப்புக் கட்டணம். அந்த நிறுவனத்தை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் முன்பணம் கட்டுவதற்கு வெகு முன்பே கட்டுமான நிறுவனம் அதைத் தேர்ந்தெடுத்துப் பெயரைப் பத்திரத்தில் எழுதிவிட்டது. இரண்டாவது கட்டணத்தைக் கட்டுகிறார் என்பதற்காக முதல் வரியில் ஒரு பென்னி கூடக் குறைவதில்லை.

இது எங்கோ சில இடங்களில் நடக்கும் விபரீதம் என்று ஒதுக்கிவிட முடியாது. பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் வீடு கட்டும் தொழிலை ஓராண்டு ஆராய்ந்து 2024 பிப்ரவரி 26 அன்று அறிக்கை வெளியிட்டது. நாட்டின் மிகப் பெரிய 11 கட்டுமான நிறுவனங்கள் 2021-22இல் விற்ற முழு உரிமை வீடுகளில் 80 சதவீதத்துக்கு இப்படிப்பட்ட கட்டணம் உண்டு என்று அது கண்டறிந்தது. சராசரி ஆண்டுக்கு 350 பவுண்டு. பெரிய பழுதுபார்ப்பு ஏதும் வந்தால் வீட்டுக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு கேட்கப்படலாம். ஒரு தலைமுறைக்கு முன்பு விதிவிலக்காக இருந்த ஏற்பாடு இன்று பொதுவழக்காகிவிட்டது.

அநியாயம் எங்கே இருக்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தனியார் தோட்டத்துக்குத் தனியாகப் பணம் கட்டுவதில் தவறில்லை. லண்டனின் கென்சிங்டன் பகுதியில் 1851ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இன்றும் உயிரோடு இருக்கிறது. அதன்படி சதுக்கத் தோட்டங்களைச் சுற்றி வாழ்வோர் ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். குழு ஆண்டுச் செலவை முடிவு செய்கிறது. கவுன்சில் அந்தத் தொகையைத் தோட்டவரியாக, தன் வரியோடு சேர்த்து வசூலித்துக் கொடுக்கிறது. தோட்டத்துக்குப் பூட்டு உண்டு, சாவி பணம் கட்டியவரிடம் இருக்கிறது. பணம் கட்டுபவரும் அனுபவிப்பவரும் ஒருவரே. நிர்வாகம் பிடிக்காவிட்டால் குழுவையே மாற்றலாம். புதிய குடியிருப்புகளில் நிலைமை வேறு. அங்குள்ள திறந்தவெளியை எல்லோரும் பயன்படுத்த விட வேண்டும் என்பது பெரும்பாலும் கட்டட அனுமதியின் நிபந்தனை. பக்கத்துத் தெருக் குழந்தைகள் வந்து ஆடலாம், ஆடத்தான் வேண்டும். ஆனால் ஊஞ்சல் சங்கிலி அறுந்தால் செலவு அந்தக் குடியிருப்புக்காரர்களுடையது. பொதுச் சொத்தின் கடமைகள் எல்லாம் அவர்கள் தலையில். பொதுச் சொத்தின் மீது குடிமகனுக்கு இருக்கும் அதிகாரம் மட்டும் அவர்களிடம் இல்லை.

இந்தச் சிக்கலின் வேர் ஏறக்குறைய இருநூறு ஆண்டு பழையது. அது லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் இருக்கிறது.

1808இல் சார்லஸ் டல்க் என்பவர் அந்தச் சதுக்கத்தின் நடுவிலிருந்த தோட்டத்தை விற்றார். சுற்றியிருந்த வீடுகள் சிலவற்றை விற்காமல் தன்னிடமே வைத்துக்கொண்டார். ஆகவே பத்திரத்தில் ஒரு நிபந்தனை எழுதினார்: வாங்குபவரும் அவருக்குப் பின் வருபவர்களும் தோட்டத்தில் கட்டடம் எழுப்பாமல், இரும்பு வேலியோடு, அழகு குலையாமல் காத்துவர வேண்டும். நிலம் கைமாறிக் கைமாறி மாக்ஸி என்பவரிடம் வந்தது. நிபந்தனை தெரிந்தேதான் அவர் வாங்கினார். ஆனாலும் கட்டடம் கட்டக் கிளம்பினார். ஒப்பந்தம் செய்துகொண்டது தானல்ல என்பது அவர் வாதம். 1848இல் காட்டன்ஹாம் பிரபு அதை ஏற்கவில்லை. தெரிந்து வாங்கியவனை நிபந்தனை கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தார். ஆங்கிலேயச் சட்டம் படிக்கும் மாணவர்கள் எல்லோரும் முதலாண்டுகளிலேயே படிக்கும் வழக்கு இது.

அவர்கள் அவ்வளவாகப் படிக்காதது அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்துக்கு என்ன ஆயிற்று என்பது. கட்டடத்துக்குத் தடை இருந்தும் சில ஆண்டுகளிலேயே அங்கே ஒரு பிரம்மாண்ட உலக உருண்டையைக் காட்சிப்பொருளாக நிறுத்த உரிமைக்காரர்களோடு உடன்பாடு ஏற்பட்டது. 1851 முதல் 1862 வரை அது நின்றது. உருண்டையைப் பிரித்தெடுத்த பிறகு நிலம் சீரழிந்தது. வேலி உடைந்தது, குப்பை குவிந்தது. நடுவிலிருந்த முதலாம் ஜார்ஜ் மன்னரின் குதிரைச் சிலைக்கு 1866இல் யாரோ இரவோடிரவாகப் புள்ளி புள்ளியாகச் சாயம் பூசிவிட்டார்கள். கடைசியில் ஆல்பர்ட் கிராண்ட் என்னும் செல்வந்தர் நிலத்தை விலைக்கு வாங்கிச் சீரமைத்து, 1874இல் லண்டனின் அன்றைய பொதுப்பணி வாரியத்திடம் ஒப்படைத்தார். இடிக்காதே, கட்டாதே என்று சொல்ல நீதிமன்றத்தால் முடிந்தது. தண்ணீர் ஊற்று, வேலியைச் சரிசெய் என்று யாரையும் அதனால் வேலை வாங்க முடியவில்லை. பொறுப்பேற்க ஒரு பொது அமைப்பு வந்த பிறகுதான் தோட்டம் பிழைத்தது.

நீதிமன்றங்கள் இந்த எல்லையைப் பின்னர் சட்டமாகவே இறுக்கின. 1885இல் ஓல்டம் நகராட்சி சம்பந்தப்பட்ட வழக்கில், ஒரு சாலையைப் பழுதுபார்க்கும் கடமை நிலத்தை அடுத்து வாங்குபவரைத் தானாகத் தொடராது என்று தீர்ப்பாயிற்று. 1994இல் பிரபுக்கள் சபை அதையே உறுதி செய்தது. 'செய்யாதே' என்னும் நிபந்தனை நிலத்தோடு போகும். 'செய், செலவழி' என்னும் கடமை போகாது. ஆக, வீட்டின் முதல் உரிமையாளர் பூங்காவுக்குப் பணம் கட்ட ஒப்புக்கொண்டாலும், அவரிடமிருந்து வாங்கும் இரண்டாமவரை அந்த ஒப்புதல் கட்டுப்படுத்தாது.

இந்த ஓட்டையை அடைக்க வழக்கறிஞர்கள் கையில் எடுத்தது ரென்ட்சார்ஜ் என்னும் பழங்கால நிலக்கட்டணம். கடமையை ஆளின் மேல் வைக்காமல் நிலத்தின் மேலேயே ஏற்றிவிடும் முறை அது. வருமானத்துக்காக மட்டும் புதிதாக இப்படிக் கட்டணம் போடுவதை 1977ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. ஆனால் குடியிருப்புப் பராமரிப்புக்கான கட்டணத்துக்கு விலக்குக் கொடுத்தது. அந்த விலக்குதான் இன்றைய ஏற்பாடுகள் பலவற்றின் அஸ்திவாரம். இதில் ஒளிந்திருக்கும் ஆபத்து பெரியது. 1925ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டத்தின் 121ஆம் பிரிவின்படி, நிலக்கட்டணம் 40 நாள் பாக்கி நின்றால் கட்டணத்துக்கு உரியவர் அந்த வீட்டின் மேல் ஒரு குத்தகையை உருவாக்கிக்கொள்ளலாம். அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டவர்களுக்கு 2016இல் ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பு உண்மையைக் காட்டியது. சில பவுண்டு நிலக்கட்டண பாக்கிக்காக வீடுகளின் மேல் 99 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டிருந்தது. பாக்கியைக் கட்டினாலும் குத்தகை நீங்காது, சட்டப்படி அது செல்லும் என்றது தீர்ப்பாயம். அவை பழைய வகைக் கட்டணங்கள். அந்தப் பழைய வகைக்கு 2024ஆம் ஆண்டுக் குத்தகை மற்றும் முழு உரிமைச் சீர்திருத்தச் சட்டம் கடிவாளம் போட்டது. குடியிருப்புப் பராமரிப்புக் கட்டணத்தை அந்தக் கடிவாளம் தொடவில்லை.

பத்திரத்தில் இன்னொரு பிடியும் உண்டு. வீட்டை விற்கும்போது, பாக்கி ஏதும் இல்லை என்று நிர்வாக நிறுவனம் சான்றிதழ் தராமல் நிலப்பதிவகம் பெயர்மாற்றம் செய்யாதபடி ஒரு தடைக்குறிப்பைப் பதிந்துவைப்பார்கள். சான்றிதழுக்கும் கட்டணம், வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்கும் தகவல்தொகுப்புக்கும் கட்டணம். கணக்கில் சந்தேகம் இருந்தாலும் வீடு கைமாற வேண்டிய வாரத்தில் யாரும் சண்டை போட முடியாது. கட்டிவிட்டுப் போவார்கள்.

உள்ளாட்சிகள் ஏன் ஒதுங்கின? முன்பெல்லாம் வழக்கம் எளிமையாக இருந்தது. கட்டுமான நிறுவனம் பூங்காவை அமைக்கும்; கவுன்சில் அதிகாரி வந்து பார்ப்பார்; நிலம் கவுன்சிலுக்கு மாறும்; சில ஆண்டுப் பராமரிப்புக்கான மொத்தத் தொகை ஒன்று அதோடு போகும். 2010க்குப் பிறகு மத்திய அரசின் மானியங்கள் பெருமளவு வெட்டப்பட்டன. முதியோர் பராமரிப்பும் குழந்தைகள் பாதுகாப்பும் சட்டப்படி செய்தே ஆகவேண்டிய பணிகள். பூங்கா அப்படியல்ல. 1875ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டமும் 1906ஆம் ஆண்டுத் திறந்தவெளிச் சட்டமும் உள்ளாட்சிக்குப் பூங்கா வைத்திருக்க அதிகாரம் தருகின்றன, கடமை விதிக்கவில்லை. பணமுடை வந்தபோது முதலில் கைகழுவப்பட்டது புதிய பூங்காக்களை ஏற்பதுதான். கட்டுமான நிறுவனத்துக்கும் இது வசதி. மொத்தத் தொகை தர வேண்டாம், கவுன்சிலின் தரவிதிக்கு ஏற்ப அமைக்க வேண்டாம், அதிகாரியின் ஆய்வுக்குக் காத்திருக்க வேண்டாம். பேச்சு நடந்த மேசையில் இருந்த இருவருக்கும் லாபம். செலவைச் சுமக்கப்போகும் மூன்றாமவர் அப்போது அங்கே குடிவரவே இல்லை. இரு தரப்பின் இந்த ஊக்கத்தைத்தான் ஆணையத்தின் அறிக்கையும் அடையாளம் கண்டது. பொதுத் தரவிதி ஒன்றை வகுத்து, அதன்படி அமைக்கப்படும் சாலை, வடிகால், திறந்தவெளிகளை உள்ளாட்சி ஏற்றே ஆக வேண்டும் என்று சட்டமாக்கும்படி அது அரசுக்குப் பரிந்துரைத்தது.

குடியிருப்போரே நடத்தட்டுமே என்பது நல்ல யோசனையாகத் தோன்றும். பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள்: வீட்டுக்காரர்கள் எல்லோரும் பங்குதாரர்களாகக் கொண்ட ஒரு சிறு நிறுவனம், அதற்குச் சம்பளமில்லாத சில இயக்குநர்கள். முப்பது நாற்பது வீடுள்ள இடத்தில், ஒருவரையொருவர் தெரிந்த அக்கம்பக்கத்தில், இது நன்றாகவே ஓடுகிறது. புல் வெட்டுபவரை அவர்களே பேசி அமர்த்துகிறார்கள். வேலை சரியில்லை என்றால் மறுமாதமே ஆளை மாற்றுகிறார்கள். ஆயிரம் வீடு, இரண்டு விளையாட்டுத் திடல், நாலு மழைநீர்ப் பள்ளம் என்று வளரும்போது அந்த இயக்குநரின் கதி பரிதாபமானது. காப்பீடு, கணக்குத் தணிக்கை, குழந்தை விழுந்து அடிபட்டால் வரும் வழக்கு, கட்டணம் கட்டாத அண்டைவீட்டாருக்கு நோட்டீஸ் அனுப்பும் வேலை எல்லாம் மாலை நேரத்தில் ஒருவர் தலையில் விழுகின்றன. அவர் சலித்து விலகுவார், மாற்று ஆள் வரமாட்டார்.

அதன் முடிவை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆண்டறிக்கை தாக்கல் செய்யாத நிறுவனத்தைப் பதிவாளர் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார். அப்படிக் கலைந்த நிறுவனத்தின் சொத்து, உரிமையாளர் அற்ற சொத்தாக முடியரசைச் சேரும் என்கிறது நிறுவனச் சட்டம். முடியரசின் சார்பில் அதைக் கையாளும் கருவூல வழக்கறிஞர் அலுவலகம் பூங்காவைப் பராமரிக்கும் அமைப்பு அல்ல. வேண்டாம் என்று துறந்துவிடும் உரிமையும் அதற்கு உண்டு. ஒரு கடிதத்துக்குப் பதில் அனுப்ப ஆளில்லாமல் போனதால் ஊரின் விளையாட்டுத் திடல் திக்கற்று நிற்கலாம். பொதுச் சொத்தைத் தன்னார்வலரின் பொறுமையை நம்பி வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட அழுத்தமான காரணம் தேவையில்லை.

ஸ்காட்லாந்தின் அனுபவமும் இங்கே பயன்படும். அங்கே வீட்டுக்காரர்கள் வாக்களித்து நிர்வாகியை நீக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. நிர்வாகிகள் பதிவு செய்துகொள்ள வேண்டும், நடத்தை விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று 2011இல் இன்னொரு சட்டம் வந்தது. ஆனாலும் நிர்வாக நிறுவனமே பூங்கா நிலத்தின் உரிமையாளராகவும் இருக்கும் இடங்களில் வாக்கு பயன்படாமல் போயிற்று. நிலத்துக்கு உரியவனை வேலையைவிட்டு நீக்குவது எப்படி? 2015இல் அங்குள்ள நிலத் தீர்ப்பாயம், எந்த நிலத்துக்காகப் பணம் என்பதைப் பத்திரம் தெளிவாக வரையறுக்கவில்லை என்ற காரணத்தால் அப்படிப்பட்ட ஒரு கட்டணக் கடமை செல்லாது என்றது. அந்த வழக்கில் வீட்டுக்காரர்கள் தப்பித்தார்கள். ஆனால் பத்திரத்தை எழுதியவரின் கவனக்குறைவு ஒரு கொள்கையாகிவிடாது.

நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் தீர்மானகரமானது. புல் வெட்டுவது யார் என்பது அதற்கடுத்த கேள்வி.

மில்டன் கீன்ஸ் நகரத்தைப் பார்த்தால் இது விளங்கும். 1967இல் புதுநகரமாக அறிவிக்கப்பட்டு, வளர்ச்சிக் கழகம் ஒன்றின் கையில் எழுந்த ஊர் அது. 1992இல் கழகம் கலைக்கப்படும் தருணம் வந்தபோது, அதுவரை வளர்த்த பூங்காக்களை யாரிடம் கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. கவுன்சிலிடம் நேரே கொடுத்தால் ஒவ்வோர் ஆண்டும் வரவுசெலவுத் திட்டத்தில் மற்றத் துறைகளோடு போட்டியிட்டுத் தோற்கும் என்று அஞ்சினார்கள். ஆகவே பூங்காக்களுக்கென்றே ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. 999 ஆண்டுக் குத்தகையில் நிலம் அதற்குக் கொடுக்கப்பட்டது. அதோடு ஏறத்தாழ 2 கோடி பவுண்டு மதிப்புள்ள மூலதனமும், பெரும்பாலும் வாடகை தரும் வணிகச் சொத்துகளாக, சேர்த்து எழுதிவைக்கப்பட்டது.

இந்தக் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கோயில்களில் விளக்கெரிக்க நிலம் எழுதிவைத்த நிவந்தம் போன்றது இது: பணியை மட்டும் ஒப்படைக்கவில்லை, பணி நடக்கத் தேவையான வருமானத்தையும் சேர்த்தே ஒப்படைத்தார்கள். இன்று அந்த அறக்கட்டளை 6,000 ஏக்கருக்கு மேல் பூங்காவும் காடும் நீர்நிலையும் பார்த்துக்கொள்கிறது. நகரப் பரப்பில் கால்பங்கு அது. வாடகையும் முதலீட்டு வருமானமும் செலவைத் தாங்குகின்றன. புல்வெளிகளில் ஆடுமாடு மேய்கின்றன. நகரம் விரிந்து புதிய குடியிருப்பு எழும்போது அங்குள்ள திறந்தவெளியையும் அறக்கட்டளை ஏற்றுக்கொள்கிறது, ஆனால் எதிர்காலச் செலவுக்கான மூலதனம் கூடவே வர வேண்டும். வில்லன் ஏரி அங்கே படகு விடும் இடம் என்றே பலருக்கும் தெரியும். அது பெருமழை நீரைத் தாங்கி நகரத்தைக் காக்க வெட்டப்பட்ட செயற்கை ஏரி. பூங்காவும் வடிகாலும் ஒரே கையில் இருப்பதால் ஒன்றை விட்டு ஒன்றைக் கவனிக்கும் பேச்சுக்கே அங்கே இடமில்லை.

அரசின் பெரும் கழகம் இருந்தது, மலிவு நிலம் இருந்தது, ஆகவே முடிந்தது, சாதாரணக் குடியிருப்புக்கு அது எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆணையம் சொன்ன சராசரியான 350 பவுண்டை எடுத்துக்கொண்டால் 500 வீடுள்ள குடியிருப்பின் ஆண்டுச் செலவு 1,75,000 பவுண்டு. நூற்றுக்கு நாலு வருமானம் தரும் முதலீட்டிலிருந்து இதைப் பெற 43,75,000 பவுண்டு மூலதனம் வேண்டும். வீட்டுக்கு 8,750 பவுண்டு. மூன்று லட்சம் பவுண்டு விலையுள்ள வீட்டில் இது மூன்று சதவீதத்துக்கும் குறைவு. அந்த 350 பவுண்டுக்குள்ளேயே நிர்வாகக் கட்டணமும் வசூல் செலவும் அடங்கியிருக்கின்றன என்பதால் உண்மையில் தேவைப்படும் தொகை இன்னும் குறைவாகவே இருக்கும். இந்தச் சுமையும் முழுக்க வீடு வாங்குபவர் தலையில் விழ வேண்டியதில்லை. கட்டுமான நிறுவனம் நிலத்துக்கு என்ன விலை கொடுக்கலாம் என்று கணக்கிடும்போது, விற்பனை வருமானத்திலிருந்து தெரிந்த செலவுகளையெல்லாம் கழித்துவிட்டு மிஞ்சுவதைத்தான் நிலக்காரருக்குத் தருகிறது. பூங்கா மூலதனம் கட்டாயம் என்பது முன்கூட்டியே தெரிந்தால், அதில் பெரும்பங்கு நிலவிலையில்தான் குறையும். நேற்றுவரை கோதுமை விளைந்த வயல், கட்டட அனுமதி கிடைத்ததால் மட்டுமே பன்மடங்கு விலையேறுகிறது. அந்த ஏற்றத்திலிருந்து ஊஞ்சலுக்கு ஒரு பங்கு கேட்பதில் அநீதி ஏதும் இல்லை.

பொதுப்பணத்தில் அமைந்த உலகின் முதல் பூங்காக்களில் ஒன்றான பர்கன்ஹெட் பூங்கா எழுந்ததும் இந்த வழியில்தான். அந்த ஊரின் மேம்பாட்டு ஆணையர்கள் 226 ஏக்கர் வாங்கினார்கள். 125 ஏக்கரைப் பூங்காவாக்கும் வேலையை ஜோசப் பாக்ஸ்டனிடம் கொடுத்தார்கள். சுற்றியிருந்த மீதியை வீட்டுமனைகளாக விற்றுச் செலவை ஈடுகட்டினார்கள். 1847இல், லெஸ்டர் சதுக்கத் தீர்ப்புக்கு ஓராண்டு முன்பு, அது திறக்கப்பட்டது. மூன்றாண்டு கழித்து அங்கே வந்து பார்த்த அமெரிக்கர் ஃபிரடெரிக் லா ஓம்ஸ்டெட் அந்த அனுபவத்தை நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் வடிவமைப்புக்குக் கொண்டுபோனார். வீட்டுமனையும் பூங்காவும் ஒரே வரைபடத்தில் பிறந்தன, பூங்கா ஊருக்கு, மனை வாங்கியவருக்கு. தனியார் கட்டணத்துக்கு வேலையே இருக்கவில்லை.

வடிகாலைப் பொறுத்தவரை வேல்ஸ் ஒரு படி முன்னே போய்விட்டது. 2007 கோடை வெள்ளத்துக்குப் பின் இயற்றப்பட்ட 2010ஆம் ஆண்டு வெள்ள மேலாண்மைச் சட்டத்தில், மழைநீர்ப் பள்ளம் போன்ற அமைப்புகளுக்கு ஒப்புதல் தரவும் பின்னர் அவற்றை ஏற்கவும் உள்ளாட்சியைப் பொறுப்பாக்கும் அட்டவணை ஒன்று உண்டு. வேல்ஸ் அதை 2019 ஜனவரியில் நடைமுறைப்படுத்தியது. இங்கிலாந்து அந்த அட்டவணையைச் சட்டப்புத்தகத்திலேயே விட்டுவைத்தது. இது சின்ன விஷயம் அல்ல. இந்தப் பள்ளங்களின் அடியில் ஆண்டுக்காண்டு வண்டல் சேரும், நாணல் மண்டும், குழாய்வாய்ச் சட்டத்தில் குப்பை அடைக்கும். பத்துப் பதினைந்து ஆண்டுக்கொருமுறை வண்டலை அள்ளியாக வேண்டும். அள்ளாவிட்டால் கொள்ளளவு குறையும், வெள்ளம் வரும், அந்த வெள்ளம் கட்டணம் கட்டிய வீடு எது, கட்டாத வீடு எது என்று பார்த்துப் புகாது. ஓடையின் கீழ்ப்பக்கம் உள்ள பழைய தெருக்களுக்கும் அது போகும். இப்படிப்பட்ட அமைப்பை, ஆண்டுக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி வீட்டுக்காரர்கள் நெருக்கும் ஒரு நிறுவனத்திடம் விடுவது விவேகமில்லை.

பல்லுயிர்ப் பாதுகாப்பு விதியும் இப்போது சேர்ந்துவிட்டது. 2021ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டப்படி, 2024 பிப்ரவரி 12 முதல் பெரிய கட்டுமானத் திட்டங்கள் நிலத்தின் பல்லுயிர் மதிப்பைக் குறைந்தது 10 சதவீதம் உயர்த்திக் காட்ட வேண்டும். அதற்காக உருவாக்கும் வாழிடங்களை 30 ஆண்டு காக்க வேண்டும். பூக்கள் மலியும் புல்வெளி ஒன்றை உருவாக்குவது எளிது. அதைச் சரியான மாதத்தில் வெட்டி, வெட்டிய புல்லை அள்ளி அகற்றி, முப்பது ஆண்டு காப்பது தேர்ந்த கைகளின் வேலை. மலிவான டெண்டரில் வந்தவர் மே மாதத்திலேயே எல்லாவற்றையும் மழித்துவிட்டுப் போவார்.

உள்ளாட்சியிடம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. அதற்குத் தமிழ்நாடே சாட்சி. இங்கே இதே கேள்விக்கு நேர்மாறான விடை சட்டமாக இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தை ஓ.எஸ்.ஆர். எனப்படும் திறந்தவெளி நிலமாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் அரசுத் தரப்புக்கு எழுதிக் கொடுத்த பிறகுதான் ஒப்புதல். இந்த விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் சென்னை அடுக்குமாடி உரிமையாளர் சங்கம் ஒன்றின் வழக்கில் உறுதி செய்தது. இரண்டு கேட்புச்சீட்டுச் சிக்கல் இங்கே அந்த அளவில் எழாமல் போனதற்கு அந்தத் தானப் பத்திரம் முக்கியக் காரணம். ஆனால் நிலம் மட்டும் வருகிறது, அதைப் பூங்காவாக்கிப் பேணும் பணம் அதோடு வருவதில்லை. அதனால் கம்பிவேலியும் மாநகராட்சிப் பலகையும் மட்டும் நிற்க, உள்ளே கருவேல முள் மண்டிக் கிடக்கும் ஓ.எஸ்.ஆர். மனைகளைச் சென்னைப் புறநகரில் யாரும் காணலாம். சில இடங்களில் அந்தப் பலகைகூட இருப்பதில்லை. சுற்றியுள்ளவர்கள் மெல்ல உள்ளே வந்துவிடுகிறார்கள். இங்கிலாந்து பணம் வசூலிக்கும் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு பொது உரிமையைக் கைவிட்டது. தமிழ்நாடு பொது உரிமையை வைத்துக்கொண்டு பணத்தை மறந்தது.

இங்கிலாந்தில் இந்த இரண்டையும் சேர்க்க ஏற்ற அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. நாடெங்கும் சுமார் 10,000 பாரிஷ் மற்றும் நகர கவுன்சில்கள், நம் ஊராட்சிகளைப் போன்றவை, இயங்குகின்றன. மாவட்ட கவுன்சிலைவிட மக்களுக்கு நெருக்கமானவை. கவுன்சில் வரியோடு சேர்த்துத் தமக்கென ஒரு தொகையை வசூலிக்க அவற்றுக்கு உரிமை உண்டு, தேர்தல் உண்டு, கணக்கைக் குடிமக்கள் பார்வையிடலாம். விளையாட்டுத் திடலும் கிராமப் பசுமையும் அவற்றுக்குப் புதிதல்ல. புதிய குடியிருப்பின் நிலத்தை இவற்றிடமோ, மில்டன் கீன்ஸ் பாணி அறக்கட்டளையிடமோ மூலதனத்தோடு ஒப்படைப்பதுதான் சரி. மழைநீர்ப் பள்ளம் வேல்ஸில் போல உள்ளாட்சியின் சட்டப் பொறுப்பாக வேண்டும். அன்றாடப் பராமரிப்பை ஒப்பந்தக்காரருக்கு விடலாம், குடியிருப்போர் குழுவுக்குக் கொடுக்கலாம், மரம் நடப் பள்ளிக்கூடத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். வேலை சரியில்லை என்றால் ஆளை மாற்ற முடிய வேண்டும். நிலம் யாருடைய லாபத்துக்கும் பிணையாக இருக்கக் கூடாது.

ஏற்கெனவே கட்டி முடித்த குடியிருப்புகள்தான் கடினமான பகுதி. முன்பு சொன்ன 2024ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் அங்குள்ள வீட்டுக்காரர்களுக்குச் சில கருவிகளைத் தருகிறது: கட்டணம் நியாயமானதாக இருக்க வேண்டும், தீர்ப்பாயத்தில் அதை எதிர்க்கலாம், ஆண்டறிக்கை கேட்கலாம், மிக மோசமான நிர்வாகிக்குப் பதில் வேறொருவரை நியமிக்கக் கோரலாம். இவற்றில் பலவும் துணைவிதிகள் வந்த பிறகே நடைமுறைக்கு வரும்படி எழுதப்பட்டவை. அடுக்குமாடிக் குத்தகைதாரர்களுக்கு 2002ஆம் ஆண்டுச் சட்டம் தந்த, தவறு எதையும் நிரூபிக்காமலே நிர்வாகத்தைக் கையிலெடுக்கும் உரிமையை, முழு உரிமை வீட்டுக்காரர்களுக்கு இந்தச் சட்டம் தரவில்லை. நிலத்தை உள்ளாட்சிக்கு மாற்றலாம் என்றாலோ, நடைபாதை சீராக இல்லை, வடிகால் தரவிதிப்படி அமையவில்லை, முதலில் சரிசெய்து கொடுங்கள் என்று கவுன்சில் கேட்கும். கேட்பது நியாயமே. அந்தச் செலவை வீட்டுக்காரர்களிடம் கேட்பதுதான் நியாயமில்லை; குறைபாட்டோடு கட்டிவிட்டுப் போன நிறுவனங்களிடம் வசூலிக்க வழி காண வேண்டியது அரசின் வேலை.

2024 ஜூலையில் பதவிக்கு வந்த அரசு, தன் பதவிக்காலத்துக்குள் இங்கிலாந்தில் 15 லட்சம் வீடுகள் என்று இலக்கு வைத்தது. அவற்றுக்கான ஒப்பந்தங்கள் ஒவ்வொரு கவுன்சிலிலும் மேசைக்கு வருகின்றன. 1990ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி, அனுமதிக்கு ஈடாகக் கட்டுமான நிறுவனத்திடம் நிபந்தனைகள் எழுதி வாங்கும் அதிகாரம் கவுன்சிலுக்கு உண்டு. பூங்கா யாருக்குப் போகும், எந்தத் தரத்தில், எவ்வளவு மூலதனத்தோடு, எத்தனையாவது வீடு விற்பதற்குள் என்பதையெல்லாம் அதில் எழுதலாம். அனுமதி கையெழுத்தான மறுநாள் அந்தப் பேரம்பேசும் வலிமை போய்விடும். முதல் வீடு விற்றுப் பத்திரம் பதிவாகிவிட்டால், அதற்குப் பின் வரும் ஒவ்வொரு வீட்டுக்கும் அதே பத்திரம்தான் அச்சாகும்.